உருளைக்கிழங்குக்கு மண் தயாரிப்பு: கேத்திச் சரிவில் நாலு அடுக்கு, நாலு வருடச் சுற்று

நீலகிரியில் உருளைக்கிழங்கு போடுகிறவர்களிடம் மண்ணை எப்படித் தயார் செய்கிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் நடவுக்கு முந்தைய ஒரு மாத வேலையைச் சொல்வார்கள். கொத்துவது, எரு போடுவது, கிழங்கு நட மண்ணை நீள வரம்பாக அணைத்துப் பார் பிடிப்பது. அதெல்லாம் தேவைதான். ஆனால் எங்கள் தோட்டத்தில் நான் பார்த்தவரை, உருளைக்கான மண் தயாரிப்பு அதற்கு மூன்று வருடம் முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. அந்த மூன்று வருடத்தில் அதே நிலத்தில் என்ன பயிர் நின்றது, எப்போது சுண்ணாம்பு விழுந்தது, தானாக முளைத்த கிழங்குகளைப் பிடுங்கினோமா என்பதெல்லாம் சேர்ந்துதான் நாலாவது வருட விளைச்சலை முடிவு செய்கிறது. ஒரு அடுக்கிலாவது சுற்று முழுதாக முடிந்திருப்பதால், செய்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். மலைத் தோட்டம் வைத்திருக்கும் யாருக்காவது பயன்பட்டால் சந்தோஷம்.

வேரில் கண்டது

நிலம் கேத்தி பாலாடாவுக்கு மேலே சரிவில் இருக்கிறது. மொத்தம் 80 சென்ட். நாலு அடுக்கு, அடுக்குக்குச் சுமார் 20 சென்ட். பல வருடம் குத்தகையில் இருந்த நிலம். ஏப்ரலில் நடும் கார்போகத்திலும் உருளை, தண்ணீர் கிடைத்தால் நீர்ப்போகத்திலும் உருளை, நடுவில் விலை பார்த்துக் கேரட் என்றுதான் ஓடியிருக்கிறது. திரும்ப எங்கள் கைக்கு வந்தபோது மூன்றாம் அடுக்கில் உருளை நின்றது.

செடி சீராக இல்லை. திட்டுத் திட்டாகக் குட்டையாக இருந்தது. காலையில் நன்றாக நிற்கும், பதினொரு மணி வெயில் ஏறியதும் துவண்டுவிடும். மண்ணில் ஈரத்துக்குக் குறைவில்லை. கீழ் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. இப்படி ஒரு திட்டைப் பார்த்தால் யூரியா போடத்தான் கை போகும். போடுவதற்கு முன் வேரைப் பார்த்துவிடுவது நல்லது.

நட்டு இரண்டு மாதம் நெருங்கும்போது பார்த்தால் தெளிவாகத் தெரியும். செடியைப் பிடித்து இழுக்கக்கூடாது. இழுத்தால் பார்க்க வேண்டியது மண்ணிலேயே உதிர்ந்துவிடும். சுற்றிலும் மண்ணோடு தோண்டி எடுத்து, வாளித் தண்ணீரில் அமுக்கிப் பிடித்து மெல்ல அசைத்து மண்ணைக் கரைத்தேன். சல்லி வேர்களில் குண்டூசித் தலையைவிடச் சின்ன உருண்டைகள் ஒட்டியிருந்தன. சில வெள்ளை, சில பொன்மஞ்சள், ஒன்றிரண்டு பழுப்பு. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் தலையை வேருக்குள் நுழைத்துக்கொண்டு, உடம்பை மட்டும் வெளியே உப்ப வைத்திருப்பது தெரிகிறது. மண்ணில் வாழ்ந்து வேரைத் தின்னும் நுண்புழுவான முட்டைக்கூடு நூற்புழுவின் பெண் புழு அது. தங்க நூற்புழு என்று சொல்வதும் இதைத்தான்.

அந்தப் பெண் புழு செத்த பிறகு அதன் தோல் கெட்டியாகிப் பழுப்பு நிறக் கூடாகிறது. உள்ளே இருநூறு முதல் ஐந்நூறு முட்டை வரை இருக்கும். வெயில், வறட்சி, உறைபனி எதுவும் அந்தக் கூட்டை எளிதில் ஒன்றும் செய்வதில்லை. உருளை வேரிலிருந்து கசியும் ஒரு சாறு மண் ஈரத்தில் கலந்து வந்து பட்டால்தான் முட்டைகள் பெருமளவில் பொரிக்கும். அந்தச் சாறு வராவிட்டால் இருபது வருடம்கூடக் காத்துக் கிடக்கும். ஆகவே ஒரு வருடம் வேறு பயிர் போட்டுவிட்டு மறுவருடம் உருளை போட்டால் புழுவுக்கு அது ஒரு சின்ன ஓய்வு, அவ்வளவுதான். பயிர் மாற்றினால் கூடுகளின் எண்ணிக்கை ஒரேயடியாக விழாது. கூட்டுக்குள் இருக்கும் முட்டைகளில் ஒரு பங்கு, உருளை இல்லாத வருடத்திலும் தானாகப் பொரித்து, தின்ன வேர் கிடைக்காமல் செத்துப் போகும். அந்தப் பங்கு வருடா வருடம் கழிந்துகொண்டே வருவதுதான் நமக்குக் கிடைக்கும் லாபம்.

இந்தியாவில் இந்தப் புழு முதலில் கண்டுபிடிக்கப்பட்டது இங்கேதான். 1961-ல் ஊட்டியில் ஜோன்ஸ் என்ற நூற்புழு ஆய்வாளர் கண்டார். இங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே போகக்கூடாது என்று 1971-ல் தமிழ்நாட்டில் கட்டுப்பாடு வந்தது. 2018-ல் இமாச்சல், உத்தராகண்ட், ஜம்மு காஷ்மீர் பக்கமும் இருப்பது தெரிந்து, அங்கிருந்தும் விதைக்கிழங்கு வெளியே போவதை மத்திய அரசு நிறுத்தியது. விதையில் ஒட்டிய மண், பவர் டில்லரின் பல், மூட்டைச் சாக்கு, ரப்பர் பூட்ஸ், மழையில் மேல் அடுக்கிலிருந்து ஓடிவரும் சேறு என்று மண் போகும் வழியெல்லாம் இதுவும் போகும். அதனால் மூன்றாம் அடுக்கில் வேலை செய்த கொத்தை அலசாமல் இரண்டாம் அடுக்குக்கு எடுத்துப் போவதில்லை என்று முதலில் ஒரு வழக்கத்தை வைத்தோம். ஒரு டிரம் தண்ணீர், ஒரு பழைய பிரஷ், அது போதும்.

வாளிச் சோதனை

எந்த அடுக்கில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் சுற்றுப் போட முடியாது. ஆய்வுக்கூடத்தில் சரியாக எண்ணித் தருவார்கள். ஆனால் எந்த இடம் மோசம் என்று நாமே ஓரளவு பார்த்துக்கொள்ள முடியும். காய்ந்த கூட்டுக்குள் காற்று இருப்பதால் அது தண்ணீரில் மிதக்கும். அதை வைத்துத்தான் இந்தச் சோதனை.

ஒவ்வொரு அடுக்கிலும் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, வேர்ப் பகுதி ஆழத்திலிருந்து சிறுசிறு கைப்பிடி மண் எடுத்துக் கலந்தேன். அதை நிழலில் பரப்பி நன்றாகக் காயவிட வேண்டும். ஈர மண்ணில் கூடும் தண்ணீர் குடித்திருக்கும், மிதக்காது. காய்ந்த மண்ணை ஒரு டம்ளர் எடுத்து வாளியில் போட்டு, தண்ணீரை வேகமாக ஊற்றிக் கலக்கி, சில நிமிடம் விட்டால் மணலும் களியும் அடியில் தங்கிவிடும். மேலே மிதக்கும் சருகு, வேர்த் துணுக்கு எல்லாவற்றையும் வெள்ளைத் துணியில் வடித்து, துணியை விரித்து லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். களை விதைகளும் உருண்டையாக, பழுப்பாகவே இருப்பதால் குழப்பம் வரும். சந்தேகம் இருந்தால் நகத்தால் அழுத்திப் பார்க்கலாம். விதை வழுக்கி ஓடும் அல்லது கடினமாக நிற்கும். கூடு சட்டென்று உடைந்து நகத்தில் லேசாகப் பிசுபிசுக்கும். ஒன்றும் இல்லாமல் வெறும் தோலாக நொறுங்கினால் அது பழைய காலிக் கூடு.

மூன்றாம் அடுக்கில் துணி முழுக்கத் தெரிந்தது. நாலாம் அடுக்கிலும் நிறைய. அதுதான் கீழே இருப்பது, மேலிருந்து அடித்துவரும் மண் எல்லாம் அங்கேதான் சேர்கிறது. இரண்டாம் அடுக்கில் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. மேல் அடுக்கில் கண்ணில் படவில்லை. கண்ணில் படவில்லை என்பதால் இல்லை என்று எடுத்துக்கொள்ளவில்லை, ஆனால் எங்கே முதலில் உருளை போடலாம் என்பதற்கு அது வழி காட்டியது.

புளிப்பு மண்ணும் சுண்ணாம்பும்

கூடவே மண் பரிசோதனைக்கும் கொடுத்தோம். மண் மாதிரி எடுப்பதை அவசரமாகச் செய்யக்கூடாது. மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, ஆங்கில வி எழுத்து வடிவத்தில் குழி வெட்டி, பக்கச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் சீவி எடுக்க வேண்டும். பல இடத்து மண்ணைக் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கைத் தள்ளிக்கொண்டே வந்து அரைக் கிலோவுக்குக் குறைக்க வேண்டும். எருக்குழி ஓரம், வரப்பு ஓரம், மர நிழல் இவற்றில் எடுத்தால் கணக்கு தப்பாகும்.

மண்ணின் புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு 5-க்குக் கொஞ்சம் கீழே வந்தது; இந்த எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். மட்கிலிருந்து வரும் அங்ககக் கரிமம் நன்றாகவே இருந்தது. மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைவு. எங்கள் மலை மண்ணுக்கு இது வழக்கமான விடைதான். மழை சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக் கொண்டுபோய்விடுகிறது, மிஞ்சும் இரும்பும் அலுமினியமும் நாம் போடும் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

இந்த இடத்தில்தான் பயிர்ச் சுற்றின் முக்கியமான முடிச்சு இருக்கிறது. உருளைக்குப் புளிப்பு மண் ஒத்துக்கொள்ளும். பி.எச். 4.8 முதல் 5.4 வரை இருக்கும் மண்ணில் நன்றாக வரும். அதோடு கிழங்கின் தோலில் கரடுமுரடாகப் பொருக்கு விழும் சொறி நோய், மண் புளிப்பாக இருந்தால் அடங்கியிருக்கும். சுண்ணாம்பு போட்டுப் புளிப்பைக் குறைத்த கையோடு உருளை நட்டால் சொறி கிளம்பிவிடும். முட்டைக்கோசுக்கு இது நேர் எதிர். வேர்கள் தடித்து வீங்கிக் கட்டி கட்டியாகிச் செடி வாடும் வேர்வீக்க நோய் புளிப்பு மண்ணில்தான் ஆட்டம் போடும். சுண்ணாம்பு போட்டு பி.எச். அளவை உயர்த்தினால்தான் கோசு பிழைக்கும். ஒரே நிலத்தில் இரண்டையும் போடாமல் எங்கள் ஊரில் பிழைப்பு நடக்காது. ஆகவே சுண்ணாம்பை எப்போது போடுவது என்பதுதான் கேள்வி. உருளையைத் தோண்டி எடுத்த உடனே போட்டு, அடுத்து கோசு வைத்தால், மறுபடி உருளை வருவதற்குள் மூன்று வருட மழை பெய்து மண் பழைய புளிப்பை நோக்கித் திரும்பியிருக்கும். மழையே நமக்காக வேலை செய்கிறது.

எவ்வளவு சுண்ணாம்பு என்பதைப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தே போட வேண்டும். நாங்கள் டோலமைட் என்ற சுண்ணாம்புக்கல் தூள் வாங்கினோம், அதில் மக்னீசியமும் சேர்ந்து வருகிறது. எரு போடும் நாளிலேயே சுண்ணாம்பையும் போடக்கூடாது, எருவில் இருக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) ஆவியாகிப் போய்விடும். சில வாரம் இடைவெளி விட்டே செய்கிறோம்.

சுற்று

ஒவ்வொரு அடுக்கும் வெவ்வேறு வருடத்தில் நிற்கும்படி பிரித்துக்கொண்டோம். வருடத்துக்கு ஒரு அடுக்கில்தான் உருளை. மோசமான மூன்றாம், நாலாம் அடுக்குகளுக்குக் கடைசி முறை வரும்படி வைத்தோம்.

ஒரு அடுக்கை எடுத்துக்கொண்டால் ஓட்டம் இப்படி. முதல் வருடம் ஏப்ரலில் கார்போக உருளை, ஆகஸ்ட் கடைசியில் தோண்டல். செப்டம்பரில் சுண்ணாம்பு. பிறகு ஜனவரி வரை எதுவும் விதைப்பதில்லை. அந்த மாதங்களில் மண்ணைக் கிளறிவிடுவதும் தானாக முளைக்கும் உருளைச் செடிகளைக் கிழங்கோடு பிடுங்குவதும்தான் வேலை. ஜனவரியில் தண்ணீர் பாய்ச்சிக் கோசு நாற்று. கோசை உருளைக்கு அடுத்து வைத்ததற்குச் சுண்ணாம்பு ஒரு காரணம் என்றால், இடைவெளி இன்னொரு காரணம். கோசு வரிசை அகலமாக இருக்கும், களை எடுக்கும்போது நடுவில் முளைத்த உருளைச் செடி தெரியும். கேரட் போல நெருக்கமாக விதைத்த பயிரில் அது ஒளிந்துகொள்ளும்.

கோசுக்குப் பின் மழைக்குப் பட்டாணி அல்லது பீன்ஸ். அப்புறம் பூண்டு. அதற்கடுத்த வருடம் கேரட், பீட்ரூட். கேரட்டில் எனக்கு ஒரு கவலை உண்டு. முட்டைக்கூடு நூற்புழு கேரட்டைத் தொடாது, ஆனால் வேர்முடிச்சு நூற்புழு என்று இன்னொன்று இங்கே இருக்கிறது, அது கேரட், உருளை இரண்டிலும் வரும். கேரட் இரண்டு மூன்று கிளையாகப் பிரிந்து, சல்லி வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் அதுதான். குளிர்ப் பகுதியில் வரும் வேர்முடிச்சு நூற்புழு புல் இனப் பயிர்களில் வளராது. அதனால் கேரட்டுக்கும் உருளைக்கும் நடுவே ஒரு தானியம் வேண்டும் என்று முடிவு செய்தேன். செப்டம்பரில் ஓட்ஸ் விதைத்து, கதிர் தலைகாட்டும்போது அறுத்துவிடுகிறோம். உறைபனி மாதங்களையும் அது தாங்கிக்கொள்கிறது.

ஓட்ஸ் விதைத்த முதல் முறை பக்கத்துத் தோட்டத்து மாமா வரப்பில் நின்று, "இந்த இடத்துல கேரட் போட்டிருந்தா ஒரு லோடு போயிருக்குமே தம்பி, மாட்டுக்குத் தீனியா போடறே?" என்று வருத்தத்தோடு கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஒரு போகம் கைக்குக் காசு வராது என்பது எங்களைப் போன்றவர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. நான் போட்ட கணக்கு வேறு. அறுத்த ஓட்ஸ் மாடு வைத்திருக்கும் வீடுகளுக்குப் போகிறது, பதிலுக்குச் சாணி எரு வருகிறது. எருவைக் காசு கொடுத்து லாரியில் ஏற்றிக் கொண்டுவரும் செலவில் ஒரு பங்கு மிச்சம். அப்புறம் அவரே சொன்னார், அவருடைய அப்பா காலத்தில் ராகி, சாமை எடுத்த நிலத்துக்குத்தான் உருளை போகும், உருளைக்குப் பின்னால் உருளை போட்டது கிடையாது என்று. வெலிங்டனில் கோதுமைக்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தானியம் இந்த மலைக்குப் புதிது இல்லை, நாம்தான் விட்டுவிட்டோம்.

கடுகைப் பற்றியும் சொல்ல வேண்டும். உருளைக்கு நடுவே கடுகு வரிசை விட்டால் முட்டைக்கூடு நூற்புழு குறைகிறது என்று பரிந்துரை உண்டு. ஆனால் கடுகும் கோசும் ஒரே குடும்பம். முள்ளங்கி, டர்னிப், காலிஃபிளவர், புரோக்கோலி எல்லாமே அதில் சேரும். வேர்வீக்க நோய் இவை அத்தனையிலும் வரும். கோசு நிற்கும் சுற்றில் கடுகையும் நுழைத்தால் அந்த நோய்க்கு இடைவெளியே இல்லாமல் போகிறது. அதனால் எங்கள் அடுக்குகளில் கடுகு வேண்டாம் என்று விட்டேன். கோசே போடாத நிலத்தில் தாராளமாகக் கடுகு விடலாம். பயிர் மாற்றுகிறோம் என்று சொல்லிக் கோசு, முள்ளங்கி, புரோக்கோலி என்று மாற்றுவது மாற்றம் ஆகாது. அதே போல உருளைக்கு அடுத்து அதன் குடும்பத்தையே சேர்ந்த தக்காளியோ கத்தரியோ வைப்பதும் மாற்றம் ஆகாது.

தானாக முளைத்த கிழங்கு

இதைத் தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் நாலு வருடச் சுற்றைக் கெடுக்க இது ஒன்றே போதும். தோண்டும்போது கோலிக்குண்டு அளவுக் கிழங்கை யாரும் பொறுக்குவதில்லை. நம் ஊர் உறைபனி புல்லைக் கருக்கும், மண்ணுக்குள் இருக்கும் கிழங்கைச் சாகடிக்காது. மழை பட்டதும் முளைத்துவிடும். கோசுக்கு நடுவே பத்து உருளைச் செடி நின்றால், நூற்புழுவின் பார்வையில் அந்த நிலத்தில் உருளைதான் விளைகிறது. இலையைக் கருக்கும் பின்கருகல் நோயும் அந்தச் செடியில் தங்கி அடுத்த தோட்டத்துக்குப் பரவும்.

தோண்டி முடித்த பின் பெண்களை வைத்து இன்னொரு முறை சின்னக் கிழங்கு பொறுக்க வைக்கிறோம். கூலி கொடுத்துப் பொறுக்கும் அளவுக்கு அதில் கிழங்கு இருக்காது, நான் அதைக் கிழங்குச் செலவில் எழுதுவதில்லை, மண் செலவில் எழுதுகிறேன். பிறகு பல் வைத்த கொத்தால் கிளறி, முதல் மழைக்குப் பின் மறுபடி ஒரு நடை. செடி கைநீளம் வளர்வதற்குள் பிடுங்கிவிட வேண்டும். தண்டை மட்டும் உடைத்தால் மீண்டும் துளிர்க்கும், கிழங்கு கையோடு வர வேண்டும். வரப்பில் வளரும் மணத்தக்காளியும் உருளையின் குடும்பம்தான். கீரைக்கு ஆசைப்பட்டு விடுவார்கள், நாங்கள் அதை வீட்டுப் பக்கம் மாற்றி வைத்துக்கொண்டோம்.

காட்டுப்பன்றி வேறு மிச்சக் கிழங்குக்காக இரவில் வந்து நிலத்தைப் புரட்டிவிட்டுப் போகும். கிழங்கு மிச்சம் இல்லாமல் பொறுக்கிய அடுக்கில் அந்தத் தொல்லை குறைவு.

கொத்தும் வேலை

ஓட்ஸ் அறுத்த தாளை ஜனவரியிலேயே மண்ணில் புரட்டிவிட்டால் மட்க நேரம் கிடைக்கிறது. பச்சையாக ஏப்ரலில் புரட்டி அடுத்த வாரமே கிழங்கு நட்டால் அழுகலும் புழுவும் சேர்ந்து வரும்.

பிப்ரவரி, மார்ச்சில் முதல் கோடை மழைக்குப் பின்தான் ஆழமாகக் கொத்துகிறோம். அதற்கு முன் ஒரு இரும்புக் கம்பியை எடுத்து அங்கங்கே குத்திப் பார்த்தேன். முக்கால் அடிக்குள் கம்பி டக்கென்று நின்றது. பல வருடம் பவர் டில்லர் ஒரே ஆழத்தில் ஓடி அடியில் கெட்டித் தட்டு உண்டாகியிருந்தது. மழைநீர் அந்தத் தட்டுக்கு மேலேயே நின்று கிழங்கை அழுக வைக்கும், வேரும் கீழே இறங்காது. அந்தத் தட்டை மனிதக் கையால்தான் உடைத்தோம். பல் வைத்த கொத்தை முழு ஆழத்துக்கு இறக்கி, மண்ணைப் புரட்டாமல் நெம்பி மட்டும் விட்டால் அடி மண் மேலே வராது, தட்டு விரிசல் விடும்.

ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி மண்ணை உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து போட்டுப் பார்க்கலாம். உதிர்ந்தால் கொத்தலாம். சப்பையாக ஒட்டிக்கொண்டு கிடந்தால் இரண்டு மூன்று நாள் பொறுக்க வேண்டும். ஈரத்தில் கொத்திய மண் கட்டி கட்டியாகக் காய்ந்து, கிழங்கு கோணல் மாணலாக வளரும்.

கொத்திய நிலத்தை உடனே மட்டப்படுத்தாமல் கட்டியும் குழியுமாகவே விடுகிறோம். வெண்புழுக்களும் வெட்டுப்புழுக்களும் மேலே வரும், காலையில் மைனாக்கள் கூட்டமாக இறங்கி ஒன்று விடாமல் பொறுக்கும். அந்தச் சில நாள் நிலத்தில் யாரும் நடமாடாமல் பறவைகளை விட்டுவிடுவது நல்லது.

சரிவைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் தண்ணீர் வடியட்டும் என்று பாரை மேலிருந்து கீழாகப் பிடிக்கும் வழக்கம் இருக்கிறது. ஜூன், ஜூலை மழையில் அந்த வாய்க்கால் வழியாக மேல்மண் அப்படியே கேத்தி ஓடைக்குப் போய்விடும். ஓடை செம்மண் நிறத்தில் ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு தாங்காது, அது நம் எருவும் உரமும் சேர்ந்த மண். பாரைச் சரிவுக்குக் குறுக்கே பிடிப்பதுதான் சரி, ஆனால் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும். இரண்டுக்கும் வழி, அடுக்கை உள்பக்கம் லேசாகச் சாய்த்து, சுவரின் அடியில் ஒரு வாய்க்கால் விடுவது. ஊட்டியில் 1954-லிருந்து இயங்கும் மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் பல காலமாகச் சொல்வது இந்த உள்சாய்வு அடுக்கைத்தான். பாரை முழு மட்டமாக இல்லாமல் வாய்க்கால் பக்கம் சற்றே இறக்கம் வைத்துப் பிடித்தோம். வாய்க்கால் கரையில் புல் விட்டிருக்கிறோம், அதுவும் மாட்டுக்குப் போகிறது.

எருவும் உரமும்

ஏக்கருக்கு ஆறு டன் மக்கிய எரு என்பது பரிந்துரை. 20 சென்டுக்கு 1,200 கிலோ வருகிறது. மக்கியதா என்பதை மூக்கால் சோதிக்கலாம். சாணி வாடையோ காரமான நெடியோ வந்தால் இன்னும் ஆகவில்லை, மழை பெய்த காட்டு மண் வாசம் வர வேண்டும். லாரியில் வரும் கோழி எருவை அப்படியே பாரில் போடும் பழக்கத்தை நான் ஏற்கவில்லை. செடி கருகரு என்று வளரும், இலை மென்மையாகிப் பின்கருகல் முதலில் அங்கேதான் விழும், பச்சை எரு சொறியையும் கூட்டும். கோழி எரு வந்தால் ஓட்ஸ் தாளோடும் சருகோடும் குவித்து மட்க வைத்துக் கோசுக்குக் கொடுக்கிறோம்.

மலைப் பகுதி உருளைக்கு எக்டருக்கு 120 கிலோ தழை, 240 கிலோ மணி, 120 கிலோ சாம்பல் சத்து (பொட்டாஷ்) என்று சொல்கிறார்கள். மணிச்சத்து இரட்டிப்பாக இருப்பதற்குக் காரணம் மேலே சொன்ன இரும்பும் அலுமினியமும்தான். எங்கள் 20 சென்டுக்குக் கணக்குப் போட்டால் சூப்பர் பாஸ்பேட் சுமார் 120 கிலோ, பொட்டாஷ் 16 கிலோ, யூரியா 21 கிலோ. யூரியாவில் பாதிதான் அடியில், மீதி நட்ட 30-ம் நாள் மண் அணைக்கும்போது. மக்னீசியம் சல்பேட் ஐந்து கிலோ. சூப்பர் பாஸ்பேட்டை நிலம் முழுக்கத் தூவினால் மண் அத்தனையையும் பிடித்து வைத்துக்கொள்ளும். சாலில் வரிசையாக, எருவோடு கலந்து போட்டு, மேலே இரண்டு விரல் மண் தள்ளி, அதன் மேல் கிழங்கை வைத்தால் உரமும் கிழங்கும் தொடாமல், வேர் இறங்கும் வழியிலேயே சத்து இருக்கும்.

விதையும் நடவும்

ரகத்தில் குஃப்ரி ஜோதி 1968-லிருந்து இருக்கிறது, சந்தைக்குப் பழகிய கிழங்கு. ஆனால் நூற்புழு உள்ள நிலத்துக்குக் குஃப்ரி சுவர்ணாதான் என் தேர்வு. முட்டைக்கூடு நூற்புழுவைத் தாங்கும் ரகமாக 1985-ல் நீலகிரிக்கென்றே வெளியிட்டது. முத்தோரையில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் பணி அது. பிற்பாடு வந்த குஃப்ரி நீலிமா, குஃப்ரி சஹ்யாத்ரியும் இதே எதிர்ப்பு உள்ளவை. இந்த ரகங்களின் வேர்ச் சாறுக்கும் முட்டை பொரிக்கும், ஆனால் புழு வேரில் வளர்ந்து கூடு கட்ட முடியாது. அதாவது இந்தக் கிழங்கு நிற்கும் போகத்தில் மண்ணில் உள்ள கூடுகள் காலியாகின்றன. வெறும் நிலமாக விடுவதைவிட இது வேகமாக வேலை செய்கிறது. எதிர்ப்பு ரகம் இருக்கிறதே என்று வருடா வருடம் அதையே போட்டால், அதைத் தாங்கும் புழுக்கள் மட்டும் மிஞ்சிப் பெருகும். சுற்றும் வேண்டும், ரகமும் வேண்டும்.

விதைக்கிழங்கு 40 முதல் 50 கிராம், முழுக்கிழங்கு. மழைக்கு முன் நடுவதால் வெட்டிய துண்டை நான் வைப்பதில்லை. வெளிச்சம் படும் அறையில், வெயில் நேராக விழாமல் ஒற்றை அடுக்காகப் பரப்பினால் முளை குட்டையாக, பச்சையாக, உறுதியாக வரும். பாருக்குப் பார் ஒன்றரை அடி, கிழங்குக்குக் கிழங்கு எட்டு அங்குலம். மண் அணைப்பதில் கஞ்சத்தனம் கூடாது. வெளியே தெரியும் கிழங்கு பச்சையாகும், கிழங்கு அந்துப்பூச்சியும் வெடிப்பு வழியாக உள்ளே போய் முட்டை வைக்கும். மழையில் பின்கருகலுக்கு மருந்து எல்லோரும் அடிப்பதுதான், புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தோண்டுவதற்கு இரண்டு வாரம் முன் தழையை அறுத்து வெளியேற்றிவிட்டால் தோல் முற்றி, மூட்டையில் உரியாமல் மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்ச் சேரும்.

மூன்றாம் அடுக்குக்கு முறை வந்தபோது

சுற்று வந்து அந்த மோசமான மூன்றாம் அடுக்கில் இந்தக் கார்போகத்தில் உருளை நின்றது. அதே இரண்டு மாத வயதில், முன்பு திட்டு விழுந்த அதே இடத்தில் செடிகளைத் தோண்டி அலசிப் பார்த்தேன். பெரும்பாலான வேர்கள் சுத்தமாக, வெள்ளையாக, கிளை கிளையாக ஓடியிருந்தன. சில செடிகளில் மட்டும் தேடினால் ஒன்றிரண்டு உருண்டை. மதியத் துவளல் இல்லை. குட்டைத் திட்டு ஒரு மூலையில், எங்கே முன்பு டில்லரைத் திருப்பி நிறுத்துவார்களோ அங்கே, பாய் அளவுக்குச் சுருங்கியிருந்தது. வாளிச் சோதனையிலும் துணியில் இன்னும் கூடுகள் வருகின்றன, ஆனால் நகத்தில் நசுக்கினால் பாதிக்கு மேல் வெறும் தோல். சொறி மிகக் குறைவு. கிழங்கு ஒரே சீராக, மண்டியில் முதல் தரத்துக்குப் போகும் அளவில் இருந்தது.

புழு ஒழிந்துவிடவில்லை, ஒழியவும் போவதில்லை. அந்த மூலையை மட்டும் தனியாகக் குச்சி நட்டுக் குறித்திருக்கிறேன். அடுத்த சுற்றில் அந்த இடத்தில் உருளையே வைக்காமல் ஐந்தாவது வருடமும் தானியமாகவே விடலாமா என்று யோசிக்கிறேன். நாலாம் அடுக்கில் இப்போது கேரட் நிற்கிறது. அது முடிந்ததும் ஓட்ஸ், வரும் ஏப்ரலில் அங்கே சுவர்ணா.

மூன்றாம் அடுக்கில் சின்னக் கிழங்கு பொறுக்கி முடித்தாயிற்று. டோலமைட் மூட்டைகள் ஷெட்டில் வந்து இறங்கிவிட்டன. மழை நாலு நாள் விட்டால் தூவிக் கொத்திவிடலாம். கோசு நாற்றுக்கு இந்த முறை நாற்றங்கால் மண்ணையும் நானே பரிசோதித்துத்தான் எடுக்கப் போகிறேன், வேர்வீக்கம் பெரும்பாலும் நாற்றோடுதான் உள்ளே வருகிறது.